நெல்லோடு அள்ளிவிட்ட சாட்சி

நீடாமங்கலம் பக்கத்தில் அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில்தான் காயவைப்போம். ஒருநாள் அப்படி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த என் கணவரை ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கொழுந்தனார் அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போது தூறல் விழுந்தது. என்ன நினைத்தேனோ, நெல் நனையுமே என்று கூட்டி அள்ளி மூட்டை கட்டினேன். அவர் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

போலீஸ்காரர் வந்து சாலையைப் பார்த்தார். "உடைஞ்ச கண்ணாடிகூட இல்லையேம்மா?" என்றார்.

பிறகு நெல்லைத் தூற்றியபோது வேனின் விளக்குச் சில்லுகள் வந்து விழுந்தன. வக்கீலிடம் கொண்டுபோனேன். "இது அங்கதான் கிடந்துச்சுன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?" என்றார். வேன் கிடைக்கவே இல்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறோம்.

போன அறுவடையில், நெல் காய்ந்துகொண்டிருந்த அதே சாலையில், எங்கள் தெருக்காரர் ஒருவரை பைக்கில் வந்தவன் இடித்துவிட்டு ஓடிவிட்டான். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போலீஸ் வரட்டும் என்று நான் அங்கேயே நின்றேன். வானம் இருட்டித் தூறல் விழுந்தது. அங்கே நெல் காயவைத்திருந்த பெண் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அக்கா, நெல்லு நனையுதுக்கா!"

"நனையட்டும்" என்றேன்.