பேத்தியும் என் கட்டைவிரல் மருவும்

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். "அந்த விரல வச்சிக்கினு கொழந்தய தொடாதீங்க."

அந்த விரல் என்றால் என் வலது கட்டைவிரல். நகத்தை ஒட்டி பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு மரு. என் தலைமுடியைவிட விசுவாசமானது, பல வருஷமாக என்னைவிட்டுப் போகவே இல்லை.

ஊரே வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிற்று. பால்காரர்கூடத் தூக்கினார். நான் மட்டும் தொட்டிலுக்குத் தள்ளி நின்று, கிலுகிலுப்பை ஆட்டுகிற உத்தியோகம் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மருவுக்குக் கோயில் குளத்தில் வெல்லம் போடுவோம். வெல்லம் கரையக் கரைய மருவும் கரையும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. வடக்கனந்தல் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய், கண்ணை மூடி வேண்டிக்கொண்டு வீசினேன். 'பொளக்' என்று கேட்க வேண்டியது 'டொக்' என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

படியிறங்கி, குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரை வெல்லத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆடு வந்து அதைக் கவ்வியது. "ஏய், அது என் மரு!" என்று கத்தினேன். ஆடு மென்றுகொண்டே போய்விட்டது.

ஆச்சரியம், கொஞ்ச நாளில் மரு உதிர்ந்தது! ஆட்டை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. பேத்தி என் மடிக்கு வந்தாள். அவள் கழுத்து நிற்பதற்குள், அதே விரலில் அதே இடத்தில் அதே மரு. மறுபடியும் கிலுகிலுப்பை.

இந்த முறை மனைவியே கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

"உதிர்ந்தது மரு மட்டுந்தாங்க. கிருமி தோலுக்குள்ளயே இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "இதுல நெறைய வகை. ஒண்ணுமே தெரியாத நல்ல தோல்லகூட வருஷக்கணக்கா சும்மா குந்தியிருக்கும். தூக்கறவங்க கையிலேர்ந்து பச்சக் கொழந்தைக்கும் ஏறும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப என் கையில?" என்றாள் மனைவி.

"உங்க கையிலயும் இருக்கலாம்மா. என் கையிலயும்தான்."

மனைவி மெல்லத் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கல்யாணமான நாள்முதல் நான் கண்ட காட்சிகளில் அதற்கு ஈடில்லை.

"அப்ப நான் தூக்கலாமா?" என்றேன்.

"தாராளமா. மருந்து தடவி, பிளாஸ்திரி போட்டு, கைய கழுவிட்டுத் தூக்குங்க. மரு மட்டும் அவ மேல படாம பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியே பிளாஸ்திரி சுற்றினாள். சுற்றிய சுற்றில் என் விரல் கொழுக்கட்டையாகிவிட்டது. பிறகு பேத்தியை மடியில் வைத்தாள்.

பேத்தி என் கைகளை நிதானமாகப் பார்வையிட்டாள். மற்ற விரல்களையெல்லாம் விட்டுவிட்டு, கொழுக்கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, விரல மாத்துங்க!"

"நான் இன்னாடி பண்றது? அவதான் புட்சிக்கினு இருக்கா. உன் சட்டத்த அவகிட்ட சொல்லு."