பாய்க்குள் கொள்ளாத உடம்பு

பெனியாமினா டூயிலோமா ஊருக்கு வந்தால் யாரும் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை. கார்சன் நகரத்துத் தெருவில் அவ்வளவு பெரிய வண்டி வந்து நின்று, அதிலிருந்து அவ்வளவு பெரிய உடம்பு இறங்கினால் அது பெனிதான். தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும் நாளில், நாடே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, ஏழாவதாக அவன் பெயரைச் சொன்னார்கள். சமோவாத் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடும் தேவாலயங்களில் அன்று மணி அடித்தது. மிட்டாய் கோத்த மாலைகளை அவன் கழுத்தில் போட்டுப் போட்டு, கடைசியில் மூக்கும் கண்ணும்தான் வெளியே தெரிந்தன. அன்றைக்குத் தரையை விட்டு எழும்பிய கால் பிறகு தரையில் பாவவே இல்லை.

அவன் வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பது அபூர்வம். பந்தை எறிகிறவனின் முதுகுப் பக்கம் யாரும் பாய்ந்துவிடாதபடி வரிசையின் இடது ஓரத்தில் சுவர் மாதிரி நின்று தடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் பெனி சுவராகவே நின்றான். இரண்டாம் வருஷம் விளம்பரம் வந்தது, விருந்து வந்தது, காலைப் பயிற்சிக்கு அவன் மட்டும் வரவில்லை. மூன்றாம் வருஷம் சுவரில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக எதிரணிக்காரர்கள் புகுந்து, பந்து எறிகிறவனை ஆட்டத்துக்கு ஆட்டம் மண்ணில் புதைத்தார்கள். பெனி ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றவனை முறைத்தான்.

பயிற்சியாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். “இந்த வாரத்துலேர்ந்து லெயோட்டா ஆடுவான். நீ வெளிய உக்காரு.”

வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் பெனி ஒருவேளை தாங்கியிருப்பான். சக்காரியா லெயோட்டா அவன் ஊர்க்காரன், அவன் படித்த பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவன். பெனி ஆடிய காலமெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன். அவனை எந்த அணியும் பொறுக்கி எடுக்கவில்லை. கோடை முகாமுக்கு வந்து, ஓடு என்றால் ஓடி, நில் என்றால் நின்று, கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டவன். அவன் தன் இடத்தில் நிற்கிறான் என்பதைப் பெனியால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் பயிற்சியில், சக்காரியா இடது ஓரத்தில் போய் நின்றதும், பெனி மைதானத்துக்குள் நடந்தான். சக்காரியாவின் தலைக்கவசத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினான். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். பிறகு, மற்றவர்களுக்குப் புரியாத தங்கள் மொழியில் சொன்னான்:

“உங்கப்பன் எங்க வீட்டு வாசல்ல சோத்துக்குக் கை நீட்டினவன்டா. எங்க வீட்டு டின் கறியைத் தின்னு வளந்த உடம்புடா இது. எங்கிட்டயே வாலாட்றியா?”

சக்காரியாவின் அப்பா அந்த ஈஸ்டருக்குத்தான் செத்துப்போயிருந்தார். சக்காரியா வேலியைச் சுற்றிக்கொண்டு போய்த் தலைக்கவசத்தை எடுத்து வந்தான்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கைபேசியில் படம் பிடித்திருந்தான். நாடு முழுக்கப் பார்த்தது ஒரு தள்ளுமுள்ளு. அணி நிர்வாகம் பெனியை ஒரு ஆட்டத்துக்கு ஒதுக்கி வைத்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தது. ஆட்ட வேகத்தில் நடந்த கைகலப்புக்கு வருந்துகிறேன் என்று அதில் இருந்ததை அவன் காமிராவுக்கு முன் வாசித்தான். “அவ்ளோதான், முடிஞ்சுது” என்று ஒரு அதிகாரி முதுகில் தட்டினார். பெனியும் முடிந்தது என்றே நம்பினான். அந்தப் படத்தில் கையைப் பார்க்காமல் வாயைக் கேட்டவர்கள், அந்த மொழி புரிந்தவர்கள், ஒரு சமுத்திரத்தின் இரு கரையிலும் இருக்கிறார்கள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

அணிக்கு ஓய்வு வாரம் வந்தது. பெனி ராத்திரியே விமானம் ஏறி, விடிந்து கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். வழியெல்லாம் அவன் மனசில் ஓடியது ஒன்றுதான். அம்மா கட்டிப்பிடித்து, என் பிள்ளைக்கு இப்படி ஒரு அநியாயமா என்று அழுவாள், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கைத் தட்டில் குவிப்பாள். கதவைத் திறந்தது தங்கை ரூட்டா. அவள் வழிவிடவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

“அம்மா எங்க?”

“உள்ள படுத்திருக்காங்க. அந்தப் படத்தைப் பாத்ததுலேர்ந்து யார் முகத்தையும் பாக்கலை. தேவாலயத்துக்கும் போகலை.”

“அப்பா?”

ரூட்டா அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தாள். பெனி அவளைத் தாண்டி அப்பாவின் அறைக்குள் போனான். மெத்தை சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. மெத்தைக்கு அடியில் எப்போதும் விரித்திருக்கும் குடும்பப் பாய் அங்கே இல்லை. பட்டு மாதிரி மெல்லிசாகப் பின்னி, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்த பாய் அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் வெளியே வரும். இரண்டும் இல்லாமல் வெளியே வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பெனி ரூட்டாவின் பக்கம் திரும்பினான்.

“லெயோட்டா வீட்டுக்கா?”

“இருட்டோட போயிட்டாரு. சித்தப்பாங்களும் போயிருக்காங்க.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. ‘அவன் காகிதத்தைப் பாத்து வாசிப்பான், அது இங்க வேணாம்’னாரு.” ரூட்டாவின் குரல் உடைந்தது. “உனக்குத் தெரியுமாண்ணா? லெயோட்டா மாமா உயிரோட இருந்தப்போ நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனது அம்மாவுக்கே தெரியாது. அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்திருக்காரு, இது இந்தச் சமையல்கட்டைத் தாண்டாதுன்னு. நீ உலகத்துக்கே சொல்லிட்டே.”

லெயோட்டா வீடு நாலு தெரு தள்ளி. பெனி வண்டியில் போய்த் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். அங்கிருந்தே தெரிந்தது. வீட்டு முன்னால் காய்ந்த புல்லில் அப்பா சாவெயா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து முழங்கால் வரை பாய் மூடியிருந்தது. பின்னால் சித்தப்பாக்கள் இருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். லெயோட்டா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மன்னிப்புக் கேட்கிற முறை அது. அந்த வீட்டார் வந்து பாயை எடுக்கும்வரை அவர் எழக்கூடாது. எடுக்காமலே விடுவதும், கல்லை எடுத்து எறிவதும் அவர்கள் இஷ்டம்.

துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர் சாவெயா. குடும்பத்துக்குத் தலைவர், தேவாலயத்தில் முதல் வரிசை. அவர் தலை குனிந்து பெனி பார்த்ததே இல்லை. பார்க்க முடியாமல் அவன் ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். இறங்கிப் போக வேண்டும் என்று தெரிந்தது. எதிரணியில் மலை மாதிரி ஆட்கள் பாய்ந்து வரும்போது அசையாமல் நிற்கிறவனுக்கு, வண்டிக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. திரும்பி விமான நிலையத்துக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தான். அதை யோசித்ததற்காக வெட்கப்பட்டான், ஆனாலும் யோசித்தான்.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நாயை நடத்திக்கொண்டு வந்த எதிர்வீட்டு மெக்சிகோக்காரர்.

“நீங்க பெனிதானே? நம்ம ஊரு பெனி? என் பேரனுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேனே.” சத்தமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, புல்லில் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டினார். “அங்க என்ன, ஏதாச்சும் ஜெபமா?”

பாய் லேசாக அசைந்தது. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

“இன்னிக்கு வேணாங்க. எங்கப்பாதான் அது. நான் பண்ணின தப்புக்கு உக்காந்திருக்காரு” என்று பெனி சொன்னான். அந்த மனிதர் நாயை இழுத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்தார்.

பெனி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். சித்தப்பாக்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைத் தூக்கித் தலையை நுழைத்தான். உள்ளே வியர்வையும் பழைய ஓலை வாசனையும் கலந்து மூச்சை அடைத்தது.

“பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்களா?” என்று கேட்டார் அப்பா, திரும்பாமலே.

“இல்லப்பா.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

பெனி பாயை இழுத்து மூடிக்கொள்ளப் பார்த்தான். இந்தப் பக்கம் இழுத்தால் அப்பாவின் தோள் தெரிந்தது, அந்தப் பக்கம் விட்டால் அவன் முதுகு பாதி வெளியே நின்றது. ஊரே மெச்சிய உடம்பு, நாடே விலை பேசிய உடம்பு, ஒரு பாய்க்குள் கொள்ளவில்லை. வெயில் முதுகில் சுள்ளென்று விழுந்தது. தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியும் வேகம் குறைத்துப் போவது காதில் விழுந்தது.

“உனக்காக உக்காந்திருக்கேன்னு நெனைக்காதே” என்றார் அப்பா. “அவன் என்னை நம்பி வந்தான். அது என் வீட்டுலேர்ந்து வெளிய போச்சு. என் வாக்குக்கு நான் உக்காந்திருக்கேன்.”

அதற்குப் பிறகு பெனி பக்கத்தில் அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது கதவு திறந்தது. ஓலைப்பின்னலின் இடுக்கில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று லாங்கி ஆன்ட்டியின் கால், சக்காரியாவின் அம்மா. பாய் விலகி வெளிச்சம் பாய்ந்தது. அவள் குனிந்து சாவெயாவின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“எந்திரிங்கண்ணா. உங்களுக்கும் சேத்துத்தான் எங்க வீட்டுல சோறு வெந்திருக்கு. உங்களை வெயில்ல வெச்சுட்டு எனக்கு என்ன கெடைக்கப் போகுது? உள்ள வாங்க.”

சாவெயா எழுந்தார். பெனியும் எழ முயன்றான். லாங்கி பாயை மறுபடி அவன் தலைமேல் விட்டாள்.

“உன்னோடதை என் பையன் எடுக்கட்டும். அவனுக்கு இஷ்டம் இருந்தா.”

எல்லாக் கால்களும் உள்ளே போயின. ஒரே ஜோடி நின்றது. இப்போது பாய் பெனியை முழுசாக மூடியிருந்தது. சக்காரியா அவனுக்கு எதிரே குந்தி உட்காரும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு மட்டும் தெரியணும்” என்றான் சக்காரியா. “எங்கப்பா நெஜமாவே வந்தாரா? அம்மாவுக்கும் தெரியலை. நான் கேக்கறதுக்கு அவரும் இல்ல.”

பொய் பெனியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோபத்தில் இட்டுக்கட்டிச் சொன்னேன் என்று சொன்னால் போதும். செத்தவர் மானமும் தப்பும், தானும் தப்பலாம். ஆனால் அதே பொய்யில், வாக்கைக் காக்க இருட்டோடு வந்து உட்கார்ந்த அப்பா வெறும் கோமாளி ஆகிவிடுவார்.

“வந்தாரு” என்றான் பெனி. “அவருக்கு வேலை போயிருந்தப்போ. நான் சமையல்கட்டுல இருந்தேன்.”

“என்ன கேட்டாரு?”

“அவருக்குன்னு ஒண்ணும் கேக்கலை.” என்றான் பெனி. “‘என் பையன் பெனியையே பாத்துட்டு வரான். வந்து கூடத்துல பெனி மாதிரியே கால் வெச்சுக் காட்டறான். அதே மாதிரி உடம்பு வரணும்னா வயித்துக்குப் போடணும்ல’னு சொன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அரிசியும் டின்னும் வெச்ச பெட்டியை நான்தான் வண்டி வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். என் தலையில கை வெச்சு, ‘நல்லாருப்பே’ன்னாரு.”

 அதற்குள் பெனி அழுதுகொண்டிருந்தான், பாய் மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு பாய் விலகியது. சக்காரியாவின் கண்கள் சிவந்திருந்தன. அவன் பெனியின் முகத்தை நேராகப் பார்த்தான். பார்வையைத் தாங்க முடியாமல் பெனிதான் புல்லைப் பார்த்தான்.

“என்னை மன்னிச்சுடு” என்றான்.

“எந்திரி. கால் மரத்திருக்கும்.”

மரத்துத்தான் போயிருந்தது. பெனி எழுந்து தடுமாறினான். சக்காரியா காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து அவன் பாரத்தைத் தாங்கினான். அந்த நிலை பெனிக்கு நன்றாகத் தெரியும். பள்ளி மைதானத்தில் தான் நின்ற நிலை அது. தானே மறந்துவிட்டதை இவன் ஒரு விரல் பிசகாமல் வைத்திருந்தான். இருவரும் பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். அது இனி லெயோட்டா வீட்டுப் பாய்.

உள்ளே விருந்தாளிகளுக்கு முதல் பந்தி. வீட்டுப் பிள்ளைகள் நின்று பரிமாற வேண்டும், கடைசியில்தான் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. பெனியை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சோறும், வெங்காயம் போட்டு வதக்கிய டின் மாட்டிறைச்சியும் வந்தன. சாவெயா தலை நிமிராமல் சாப்பிட்டார். பெனி கவளத்தைச் சின்னதாக உருட்டி உருட்டி விழுங்கினான். மீதி வைத்தால் அது இன்னொரு அவமானம் என்று நினைத்துத் தட்டைக் காலி செய்தான்.

சக்காரியா பாத்திரத்தோடு வந்து எதிரே நின்றான்.

“இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?”

மேசையில் எல்லாரும் பெனியையே பார்த்தார்கள். பெனி தட்டை எடுத்துக் கையை நீட்டினான்.