எஸ்தர் அக்கா கருப்பில் ஜெயித்த ஆட்டம்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். தேனி பஜாரில் பைப், பெயிண்ட் கடை வைத்திருந்தவர். நேற்றுக் காலை... ஹார்ட் அட்டாக்.

செஸ் குரூப்பில் மெசேஜ் வந்தபோது பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தேன். படித்தேன். வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன். ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

மூன்று வருஷம் முன்னால், தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டோர்னமென்ட். கடைசி ரவுண்டு. எனக்கு வெள்ளை, அக்காவுக்குக் கருப்பு. ரேட்டிங்கில் என்னைவிட முந்நூறு பாயிண்ட் கீழே.

ஜெயித்தால் எனக்கு முதல் பரிசு. ஆட்டம் தொடங்கும் முன்பே நண்பர்கள் கைகொடுத்துவிட்டார்கள்.

வேகமாக ஆடினேன். அக்கா ஒவ்வொரு மூவையும் எழுதி, பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். முப்பதாவது மூவில் என் குதிரை மாட்டிக்கொண்டது.

டிரா கேட்டேன்.

"வேணாம் தம்பி. விளையாடிப் பாத்துருவோம்" என்றார்.

இன்னும் ஒரு மணி நேரம்... தோற்றேன். முகத்தைப் பார்க்காமல் கைகொடுத்தேன். கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்து குரூப்பில் போட்டேன்: "நல்ல காய்ச்சல். போர்டே தெரியல."

காய்ச்சல் எல்லாம் இல்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக் குழாய் உடைந்தது. அந்த சைஸ் வேறு எங்கும் கிடைக்காமல் அக்கா கடைக்கே போனேன்.

"காய்ச்சல் தேவலையா தம்பி?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். தேவலை என்றேன்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து போர்டை எடுத்தார். "அந்தக் குதிரைய ஏன் அங்கன வச்சீக? இங்கன வச்சிருந்தா டிராதான். ரெண்டு நாளா உக்காந்து பாத்தேன்."

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த டோர்னமென்டிலும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்காரவில்லை.

இன்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் வாசலில் பிளாஸ்டிக் சேரில் இருந்தார். பெயர் சொன்னேன்.

"வெள்ளை வச்சு விளாண்ட தம்பியா? காய்ச்சலோட வந்தீகளாமே... 'அந்தத் தம்பிக்கு ஒடம்பு நல்லாருந்தா நான் ஜெயிச்சிருக்க மாட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பா."

அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"காய்ச்சல் இல்லண்ணே. நல்லாத்தான் இருந்தேன். அக்காதான் ஜெயிச்சாக."

தலையாட்டினார். காதில் விழுந்ததா, தெரியவில்லை. அதற்குள் வேறு யாரோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு அடக்கம். ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

நல்லா விளாண்டீகக்கா. போய்ட்டு வாங்க.