வாசல் வட்டத்து டேலியா

பூங்காவில் பூச்செடி பார்க்கிற வேலை என்றால் நாள் முழுக்கப் பூ வாசனையிலேயே இருக்கலாம் என்று நினைப்பவர்கள், ஒருமுறை எங்கள் எருக்குழிப் பக்கம் வந்துவிட்டுப் போகலாம். மாடியில் நாலு தொட்டி வைத்துப் பூவுக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

கிள்ளும் காலம்

எனக்கு ஊர் மூலக்குளம். பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வந்து காலையிலேயே களைக்கொட்டு எடுத்துவிட வேண்டும். இந்த முறை வாசலுக்கு நேரே இருக்கிற வட்டப் பாத்தியை மேஸ்திரி என்னிடம் கொடுத்தார். எனக்கென்று ஒரு பாத்தி கிடைப்பது இதுதான் முதல்முறை. தைக் கடைசியில் மலர்க் கண்காட்சி. அன்றைக்கு வட்டம் முழுக்கச் சிவப்பு டேலியா விரிந்திருக்க வேண்டும்.

சொன்ன நாளில் பூக்க வைக்க, முந்திக்கொண்டு வரும் மொட்டையெல்லாம் கிள்ளிப் போட வேண்டும். மார்கழியில் பாதி நாள் அதுதான் வேலை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். தினமும் வாக்கிங் வரும் அப்படியொரு சொல்தா, நான் கிள்ளுவதை நின்று பார்த்தார். "பூவப் பறிக்காதன்னு போர்டு வெச்சிட்டு நீயே பறிக்கிறியேம்மா, இது இன்னா நியாயம்?"

சாமிக்கு

தை பிறந்ததும் முதல் பூ கையகலத்துக்கு விரிந்தது. மறுநாள் காலை, வாக்கிங் வந்த ஒரு அக்கா அதைக் கிள்ளி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். விசில் ஊதினேன். அவர் பதறவே இல்லை, நிதானமாகக் கவரை முடிச்சுப் போட்டார். "சாமிக்குத்தான் எடுத்தேன். உனக்கும் சேத்து வேண்டிக்கிறேன், கோச்சிக்காத."

ஒரு வாரம்

வேண்டிக்கொண்டாரோ என்னவோ, கண்காட்சிக்குச் சரியாக வட்டம் சிவந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். அன்று மத்தியானமே கண்காட்சி ஒரு வாரம் தள்ளிப்போன செய்தி வந்தது. திறந்து வைக்க வருகிறவருக்கு வேறு வேலையாம்.

வெயில் படாமல் பச்சை வலை கட்டினேன். காலையும் சாயங்காலமும் தண்ணீர் காட்டினேன். பார்வையிட வந்த அதிகாரியிடம், அதுவரை தாங்காது சார் என்றேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு வாரம்தானேம்மா, பூவக் கொஞ்சம் புடிச்சி வெய்யுங்க."

திறப்பு

பிடித்து வைக்க முடியவில்லை. விழாவுக்கு முந்தின நாள் நர்சரியிலிருந்து லாரியில் வாடகைத் தொட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் மஞ்சள் சாமந்தி. என் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தொட்டிகளை விளிம்பு வரை மண்ணில் புதைத்தோம். பாதி விரிந்த மொட்டு இருந்த ஒரு செடியை மட்டும் வேர்மண்ணோடு எடுத்துப்போய் பம்ப் ரூமுக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் விழாவில், வாசல் பாத்தி யாருடையது என்று விசாரித்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேஸ்திரியும் கைதட்டினார். கூட்டம் குறைந்ததும் சொல்தா வந்தார். சாமந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உன் பூ இல்லியேம்மா, உன்னுது எங்க?"

அவரை பம்ப் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போய் அந்த ஒற்றைப் பூவைக் காட்டினேன். பொன்னாடை வாங்கியிருக்க வேண்டிய சாமந்திச் செடிகள் விழா முடிந்த மறுநாளே லாரி ஏறி நர்சரிக்குத் திரும்பிவிட்டன.