ரெஜினாவின் டிசைன்கள் திறக்காத நாள்

“தொடாதேங்கோ” என்றேன். ரெஜினாவின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

இத்தாலியின் பலேர்மோவில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்சந்தில் எனது கணினி திருத்தும் கடை இருக்கிறது. மன்னாரிலிருந்து வந்த ரெஜினா வீட்டு வேலையை விட்டுவிட்டு, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எம்பிராய்டரி மெஷின் போட்டு, கல்யாணச் சட்டைகளுக்குப் பூவேலை செய்துவந்தார். டிசைன்கள் எல்லாம் அவரே கணினியில் கீறி உருவாக்கியவை. அத்தனையும் ஒரு பழைய டெஸ்க்டொப்பில் கிடந்தன.

அது கொஞ்ச நாளாக அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றது. வேறொரு கடையில் ஹார்ட் டிஸ்க் பழுது, எல்லாவற்றையும் அழித்து ஃபோர்மற் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோன ரெஜினா எல்லாவற்றையும் பென் டிரைவுக்குக் கொப்பி செய்யத் தொடங்கி, பாதியில் டெஸ்க்டொப்பையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பென் டிரைவை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். பாதி திறக்கவில்லை. மிச்சத்தை என் கடையில் வைத்தே தன் டெஸ்க்டொப்பிலிருந்து கொப்பி செய்யப் போனபோதுதான் தடுத்தேன்.

“விடுங்கோ அண்ணை, புதுசு ஒண்டு எடுப்பம்” என்றார் அவருடைய கணவர் ரூபன்.

“புதுசுக்குள்ளை என்ரை டிசைன் இருக்குமே? சனிக்கிழமை கல்யாணப் பொம்பிளைக்குச் சட்டை குடுக்கோணும்.”

டிஸ்க்கைச் சோதித்தேன், குறை இல்லை. நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தது. ஒருமுறை திறக்காத டிசைன் அடுத்த முறை திறந்தது. எனக்கு மெமரியில்தான், கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமில்தான், சந்தேகம்.

வயரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி மிச்சக் கரண்டைப் போகவிட்டு, என் உடம்பின் நிலைமின்னும் போக, கேஸின் இரும்பைத் தொட்டபிறகே உள்ளே கை வைத்தேன். இரண்டு மெமரி ஸ்டிக்குகள். பொன்னிறத் தகடுகளை அழிரப்பரால் துடைத்துச் செருகினேன். சில வேளை அதோடு சரியாகிவிடும். இந்த முறை ஆகவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே போட்டு மெமரி டெஸ்ட் ஓடவிட்டேன். முதலாவது சுத்தம். இரண்டாவதில் சிவப்பு வரிகள் நிற்காமல் வந்தன. அதையே மற்ற ஸ்லொட்டில் மாற்றிப் போட்டேன். அங்கேயும் சிவப்பு. பழுது மதர்போர்டில் இல்லை, ஸ்டிக்கில்தான்.

“டிஸ்க் நல்லாயிருக்கு. கொப்பி பண்ணேக்கை எல்லாம் மெமரிக்குள்ளாலைதான் போகுது. அங்கைதான் கெடுது” என்றேன்.

“அப்ப என்ரை டிசைன்?”

“பழசெல்லாம் கிடந்தபடி இருக்கும். மெஷினுக்கு இந்த வருத்தம் வந்தபிறகு சேவ் பண்ணினதைத்தான் சொல்லேலாது.”

பழுதானதற்குப் பதிலாக அதே வகை ஸ்டிக் ஒன்றை எடுத்துச் சோதித்து, இரு பக்கக் கிளிப்பும் சத்தத்தோடு பூட்டும்வரை அழுத்தினேன். பழைய டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரெஜினா ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார். கடைசியாக அந்தக் கல்யாணப் பொம்பிளையின் சட்டைக்கான டிசைன். அந்த வாரம்தான் கீறிச் சேவ் செய்தது. அது மட்டும் திறக்கவே இல்லை.

ரூபன் என்னைப் பார்த்தார். “கெட்டுப்போய்த்தான் சேவ் ஆகியிருக்கு, மீட்கேலாது” என்றேன்.

ரெஜினா கைப்பையைக் கீழே வைத்தார். “கீறினது நான்தானே. ஒரு கதிரை தாங்கோ, இருந்து திரும்பக் கீறுறன்.”

என் மேசைக்கு முன்னால் இருந்து, திருத்திய கணினியிலேயே மல்லிகைக் கொடியை முதல் இலையிலிருந்து கீறினார். ரூபன் குடிக்கக் கோப்பி வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். புதுசு வாங்கும் கதையை எடுக்கவில்லை. முடிந்ததும் கொப்பி எடுத்து என் கணினியில் திறந்து காட்டினேன். அதன்பிறகுதான் ரெஜினா கோப்பிக் கப்பைத் தொட்டார். சனிக்கிழமை சட்டை போய்ச் சேர்ந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கணினி கோப்புகளைக் கெடுக்கிறது என்று தெரிந்தால், காப்பாற்றுகிற அவசரத்தில் கொப்பி செய்யாதீர்கள், ஃபோர்மற்றும் அடிக்காதீர்கள். முதலில் கையை எடுங்கள். மெமரியைச் சோதியுங்கள். நல்ல மெமரி உள்ளே போனபிறகு எடுக்கிற கொப்பிதான் கொப்பி.