கணக்கப்பிள்ளை மறைத்து வைத்த படம்

என் பேத்தி பிறந்தது 2008 சித்திரையில், டோஹாவில். அவள் முகத்தை முதலில் பார்த்தவர்கள் டாக்டர், தாதி, என் மகள் சர்மிளா, மருமகன் அஜந்தன். அடுத்துப் பார்த்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்கள் நாற்பத்தொரு பேர். அதன் பிறகு ஏழு நாள் தன்னந்தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நல்லையா கணக்கப்பிள்ளை. தாத்தாவான நானும் பாட்டியான பரிமளமும் எத்தனையாவது இடத்தில் வந்தோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் நல்லையாவைப் பற்றியே சொல்கிறேன்.

நல்லையா றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்துநாலு வருஷம் கொழுந்து நிறுத்தவர். மழை நாளில் ஈரத்துக்கென்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார். வெயில் நாளில் மழை வரக்கூடும் என்று இரண்டு கிலோ கழிப்பார். நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார். அதாவது முழு நாள் வேலை செய்தவளை அரை நாள் பெண்ணாக ஆக்கிவிடுவார். கடவுள் படைத்த ஆளைப் பாதியாக்கும் வித்தை துரைமாருக்குக்கூடத் தெரியாது. அவர் லஞ்சம் வாங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சும்மாவே கழித்தார்.

ஓய்வு பெற்றதும் மனுஷன் வாடிப்போனார். கடைக்குப் போனால் தராசுத் தட்டையே முறைத்துப் பார்ப்பார். கோயிலில் சுண்டல் கொடுத்தால் கையில் தூக்கிப் பார்த்து, "கொறையுதே" என்பார். பெண்டாட்டி இல்லாத வீடு, பிள்ளைகள் கொழும்பில். ஒருவரும் "ஐயா" என்று கூப்பிடாமல் ஒரு வருஷம் ஓடியது.

அப்போதுதான் டோஹாவில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன் கிருஷ்ணராஜ் இணையத்தில் ஒரு கருத்துக்களம் தொடங்கினான். தோட்டத்திலிருந்து வெளியே போனவர்களும் ஊரில் இருப்பவர்களும் அதில் எழுதலாம், படம் போடலாம். பிடித்தவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். நாங்கள் அதை ஓட்டு என்போம். ஓட்டு கூடினால் பதிவு முதல் பக்கத்தில் நிற்கும். குறைந்தால் கீழே கீழே போய்க் கடைசிப் பக்கத்துக் கிணற்றில் விழும். பிடிக்காதவர்கள் சிவப்புக் கொடி தூக்கலாம். கொடி விழுந்த பதிவு மறைந்துவிடும். அதைத் திறப்பதா, தூக்கி எறிவதா என்று ஏழு நாளுக்குள் முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அவருக்குப் பெயர் மட்டுறுத்துனர். ஏழு நாளும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் பதிவு தானாகவே அழிந்துபோகும்.

நேரம் நிறைய இருக்கிற, எல்லாக் குடும்பத்தையும் தெரிந்த, கறாரான ஆள் யார் என்று கிருஷ்ணராஜ் யோசித்தான். எங்கள் தலைவிதி, அவனுக்கு நல்ல ஞாபகசக்தி.

றக்வானைப் பஸாரில் லாபிர் நடத்தும் கொமியூனிகேஷன் கடையில் இருந்தது ஒரே ஒரு கம்பியூட்டர். அதன் முன்னால் நல்லையாவுக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் மறுபடி கிடைத்தது. ஒரு மாதத்தில் களம் நடுங்கியது. எங்கள் லயத்தில் கொழுந்து எடுக்கும் மருதாயி அக்காவின் அண்ணன் இறந்த செய்தியை அவருடைய இரண்டு மகன்களும் தனித்தனியே போட்டார்கள். "ஒரு ஆளு ரெண்டு தடவை சாக முடியாது" என்று இரண்டையும் தூக்கினார். தேயிலைத் தொழிற்சாலையின் பழைய டீமேக்கர் இறந்த செய்தியை அஞ்சலிப் பகுதியிலிருந்து எடுத்து வேலைவாய்ப்புப் பகுதியில் போட்டார். கேட்டதற்கு, "அந்த எடம் காலியாயிருக்கும்தானே?" என்றார். இரண்டு வரியில் வாழ்த்து எழுதியவர்களுக்கு, "எழுத்து போதாது, அரைப்பேர்" என்று கீழே குறிப்பு எழுதினார். ஆட்கள் மறுபடி அவரை ஐயா என்றார்கள். கன்னத்தில் சதை பிடித்தது.

இந்த நேரத்தில்தான் என் பேத்தி பிறந்தாள். அஜந்தன் போனில் சொன்னான்: "மாமா, படத்தை களத்துல போட்டுட்டேன். கேமரா கூட்டாளியோடது. அவன் லீவுல ஊருக்குப் போறான், படத்தையெல்லாம் அழிச்சிட்டுத்தான் கேமராவை எடுத்துக்கிட்டான். அங்க இருக்கிறது ஒண்ணுதான். போயி பாருங்க."

நான் செருப்பை மாட்டினேன். பரிமளம் வாசலில் நின்றாள்.

"இப்ப ராகு காலம். மொத மொத புள்ள முகத்தை ராகு காலத்துலயா பாக்குறது?"

"அது டோஹாவுல பொறந்த புள்ள. அங்க ராகு காலம் வேற."

"பாக்குற நம்ம கண்ணு இங்கதானே இருக்கு?"

அவள் குளித்து, கோயிலுக்குப் போய், விபூதி வாங்கிவர மூன்று மணி நேரம். அதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவி, எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம்: ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் கையை வீசிக்கொண்டு பார்த்துவிட்டு வர மாட்டார்கள். மொய் எழுத வேண்டும். களத்தில் மொய் என்றால் ஓட்டுத்தானே? ஓட்டுப் போட அங்கத்தவர் ஆக வேண்டும். லாபிர் வரிசையாக நிற்க வைத்து நாற்பத்தொரு பேரையும் பதிந்தான். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்.

"நல்லா அழுத்தி போடுப்பா, நம்ம நடராஜா பேத்தி" என்று மருதாயி அக்கா சொல்லியிருக்கிறாள். என் பேத்தி முதல் பக்கத்தில் முதலாவதாக நின்றிருக்கிறாள். அரை மணி நேரம்.

இயந்திரத்துக்கு மொய் தெரியாது. ஒரே கம்பியூட்டரில், இரண்டு மணி நேரத்தில், புதிதாக முளைத்த நாற்பத்தொரு பேர், ஒரே படத்துக்கு ஓட்டு. கள்ள ஓட்டு என்று அதுவே கொடியைத் தூக்கிப் படத்தை மறைத்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு நாங்கள் கடைக்குள் காலை வைத்தபோது திரையில் ஒரு சாம்பல் கட்டமும் ஒரு வரியும் இருந்தன: இப்பதிவு பரிசீலனையில் உள்ளது.

"நல்ல நேரம் பார்த்து வந்துட்டோம்" என்றேன். பரிமளம் திரும்பிப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது கொடி தூக்கியிருப்பார்கள்.

மறுநாள் நல்லையாவிடம் போனேன்.

"ஐயா, நீங்க அந்த படத்தை பாத்தீங்களா?"

"பாக்காம எப்புடி மட்டுறுத்துறது? மறைச்ச பதிவு எனக்கு மட்டும் தெரியும்."

"யாரு சாடைங்க?"

"நடராஜா, பரிசீலனையில இருக்கிற பதிவை பத்தி நான் வெளிய பேச கூடாது."

"புள்ள நல்லா இருக்குதாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையும் இப்ப சொல்ல முடியாது."

அஜந்தன் கிருஷ்ணராஜிடம் கெஞ்சியிருக்கிறான். "கணக்கப்பிள்ளை ஐயா விஷயத்துல நான் தலையிட மாட்டேன். எங்கப்பாவுக்கே அரைப்பேர் போட்டவரு" என்று அவன் போனை வைத்துவிட்டானாம். உலகத்தையே இணைக்கிற இணையம், நல்லையா நாற்காலியைத் தாண்டி வர மாட்டேன் என்றது.

ஐந்தாம் நாள் நல்லையா விசாரணை வைத்தார். ஓட்டுப் போட்ட எல்லாரும் தேசிய அடையாள அட்டையோடு கடைக்கு வர வேண்டும். வந்தார்கள். பத்தொன்பது பேரிடம்தான் அட்டை இருந்தது. மற்றவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அட்டை இல்லை.

"அட்டை இல்லாத ஓட்டு கள்ள ஓட்டு" என்றார்.

மருதாயி அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஐயா, என்னைய நல்லா பாருங்க. நான் ஆளா, இல்லையா?"

"ஆளுதான். அத்தாட்சி எங்க?"

"முப்பத்திநாலு வருஷமா என் தலையில கூடையை பாத்த ஒங்க கண்ணு அத்தாட்சி இல்லையா?"

"கண்ணை ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாது, மருதாயி."

லாபிர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி சரி என்பதைச் சிங்களத்தில், "ஹரி ஹரி, அடுத்த ஆள்" என்றான். இந்த நாட்டில் எங்களை ஓட்டுள்ள ஆட்கள் என்று எண்ணப் பல காலம் பிடித்தது. எண்ணியதை அழிக்க நல்லையாவுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

ஏழாம் நாள் ஞாயிறு. மாலை ஆறு மணிக்குப் படம் அழிந்துவிடும். நாலு மணிக்கு நானும் பரிமளமும் போனோம். நல்லையா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பரிமளம் மேசையைச் சுற்றி அவர் முதுகுக்குப் பின்னால் போனாள்.

"அங்கிட்டு போ, பரிமளம். மறைச்ச பதிவு."

"நீங்க ஒங்க வேலைய பாருங்க. நான் செவுத்துல கலண்டரை பாக்குறேன்."

அவர் பத்திரிகையை விரித்துத் திரையை மூடினார். திரையில் திறந்திருந்த பக்கத்தைச் சின்னதாக்க அவருக்கு இன்னும் தெரியாது.

"நீதின்னா எல்லாருக்கும் நீதிதான். இன்னைக்கு ஒனக்கு தொறந்தா நாளைக்கு எல்லாரும் நாப்பது பேரை கூட்டிக்கிட்டு வருவாங்க."

"சரிங்க, நீதியே பேசுவோம்" என்றாள் பரிமளம். "முப்பது வருஷம் எங்கூடையில ஈரம்னு ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சீங்க. மண்ணு வெடிச்ச கோடையிலயும் கழிச்சீங்க. ஏன்னு ஒரு நாளு கேட்டேனா? அந்த கிலோவெல்லாம் எங்கன்னு நான் இப்பவும் கேக்கல. அத்தனைக்கும் சேத்து, பச்சப்புள்ள மொகம் ஒண்ணு குடுங்க. அதுல எவ்வளவு ஈரம் கழிப்பீங்களோ கழிச்சிக்கிட்டே குடுங்க."

லாபிர் சிரிக்கவில்லை. நல்லையா பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மனுஷனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அதிலேயே போனார்.

"நாப்பத்தொண்ணு. அட்டை இல்லாதது இருவத்திரெண்டு போனா பத்தொம்பது. அந்த பத்தொம்பதும் ஒரே கம்பியூட்டரு. அதுவும் போனா..." தாளை நீட்டினார். "பூச்சியம். ஓட்டு ஒண்ணும் செல்லாது. ஆனா படம் ஒரு தப்பும் பண்ணல. படம் இருக்கலாம்."

ஒரு தட்டுத் தட்டினார். பத்திரிகையை மடித்துவிட்டு, கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் ஆஸ்பத்திரிச் சுவர். பிறகு யாரோ ஒரு தாதியின் கை. பிறகு ஒரு வெள்ளைத் தொப்பி. அங்கே இணைய லைன் நின்றுபோனது. "அல்லாவே" என்று லாபிர் வயரை ஆட்டினான். நெற்றி வந்தது. மூடிய கண் வந்தது. பரிமளம் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகக்குறி ஒரு வாரம் இருந்தது. கடைசியாக வாய், கோணலாக, யாரையோ ஏசப்போவதுபோல.

"ஐயோ, எங்கம்மா மாதிரியே" என்று அழுதாள் பரிமளம்.

"நடராஜா சாடை" என்றார் நல்லையா, சுவரைப் பார்த்தபடி. "நான் மொத நாளே பாத்தேன்."

நானும் ஒரு ஓட்டுப் போடலாமே என்று உட்கார்ந்தேன். இந்தக் கம்பியூட்டரிலிருந்து இனி ஓட்டு ஏற்கப்படாது என்று திரை சொன்னது. உலகத்தில் என் பேத்திக்கு ஓட்டுப் போட முடியாத ஆள் நான்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

பூச்சிய ஓட்டோடு அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பத்தொன்பதாம் பக்கம், விற்க முடியாத ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கீழே. நேராக அங்கே போகிற வழி ஒருவருக்கும் தெரியாது. லாபிரின் பிரிண்டரில் மை எப்போதும் இருந்ததில்லை. ஆகவே ஞாயிறுதோறும் நாங்கள் போய், "அடுத்த பக்கம்" என்பதைப் பதினெட்டுத் தடவை அழுத்துகிறோம். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு நிமிஷம். நல்லையா கதிரையை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் நின்று எண்ணுகிறார். போன வாரம் பதினாலுக்குப் பிறகு பதினாறு என்றார். பரிமளம் விடவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைத்தாள்.