ராணிக்கு ஜட்டி தைத்த சவரிமுத்து அண்ணன்

ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. "நம்ம பம்ப் ஃபிட்டரு சவரிமுத்து போயிட்டாருப்பா" என்றார் தெரிந்தவர் ஒருவர். பக்கத்தில் நின்ற பெண் உடனே, "யாரு, நாய்க்கு ஜட்டி தெச்சாரே, அவரா?" என்று கேட்டாள். தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் காலமெல்லாம் பம்பு வைத்துத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய மனிதரை ஊர் இப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. அண்ணன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நான் அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். மாரிகுப்பம் தொழிலாளர் லைனில் அடுத்த வீட்டுக்காரன். அவர் வளர்த்த ராணி மீது ஒரு ஜீப் ஏறியது. நாய் பிழைத்து நடக்கவும் தொடங்கியது. ஆனால் சிறுநீர் அடங்கவில்லை. ஒற்றை அறை வீடு. அவர் மனைவி லூர்து அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னா சொல்றீங்க?"

"ரெண்டு பேரும் இருங்க. சுரங்க ஷாஃப்ட்டுத் தண்ணியையே அடக்குறேன், இது இன்னா பெரிய ஊத்தா?" என்றார் அண்ணன்.

முதல் ஜட்டி முழுக்க ரப்பர் ஷீட். பம்புக்கு வாஷர் வைப்பதுபோல் இறுக்கினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ராணியும் ஓரடி நகரவில்லை. வாலுக்கு ஓட்டை வைக்க மறந்திருந்தார். கழற்றியபோது தொடையெல்லாம் சிவந்திருந்தது. அடுத்ததைப் பழைய வேட்டியில் தளர்வாகச் செய்தார். அது ராணிக்குப் பிடித்துப்போய், ஜெபத்துக்கு வந்திருந்த பங்குச் சாமியாரின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நனைந்த அங்கியோடு எழுந்த சாமியார், "லைன்ல தண்ணிக் கஷ்டம்னு யாரு சொன்னது?" என்றார். லூர்து அக்கா பெட்டியைக் கட்டத் தொடங்கினார். அண்ணன் கெஞ்சி இன்னொரு நாள் தவணை வாங்கினார்.

மறுநாள் ஷிஃப்டுக்கு வராத அவரைத் தேடி ஃபோர்மேனும் நானும் போனோம். கதவு திறந்திருந்தது. நாய்க்குச் செய்த மாதிரியே பெரிதாக ஒன்றைத் தன் கால்சட்டைமேல் கட்டிக்கொண்டு, அண்ணன் தவழ்ந்தபடி அறையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் ஃபோர்மேன்.

"நிக்கும்போது தெரியல சார். நடந்தாதான் இடுக்குல அறுக்குது."

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்து, "அங்க கொஞ்சம் சுருக்கம் வெச்சிப் பாரேன்" என்றார்.

அப்படியே ஆயிற்று. அடியில் மட்டும் ரப்பர், உள்ளே வேட்டி மடிப்பு, காலைச் சுற்றிப் பனியன் துணிச் சுருக்கம், நழுவாமலிருக்க முதுகுக்கு மேல் ஒரு பட்டி. மேல்துணிக்கு அண்ணன் தன் பழைய காக்கியை எடுத்தார். வாசலில் பெட்டியோடு நின்ற லூர்து அக்கா எட்டிப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்குக் காக்கியா போடுவீங்க? நவுருங்க!" என்று தையல் மிஷினில் உட்கார்ந்து, தன் பூப்போட்ட பாவாடையையே வெட்டித் தைத்தார். ராணி அன்று மாலை லைன் முழுக்கக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் நடந்தது. தரை காய்ந்தே இருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. இன்னொன்று தெரிந்திருக்காது. பின்னொரு வருஷம் நான் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். படுக்கை நனைந்துவிட்டதை யாரிடமும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த அண்ணன் போர்வையைத் தூக்கினார். "ராணியே எங்கிட்ட வெக்கப்படல. நீ இன்னாடா பெரிய ராஜாவா? திரும்பிப் படு." துணியை மாற்றிவிட்டு, கொண்டுவந்த இட்லியை ஊட்டிவிட்டுப் போனார்.

அந்த அதட்டலைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா இப்போது படுத்த படுக்கை. துணி மாற்றும்போதெல்லாம் முகத்தை மூடிக்கொள்வார். "நீ இன்னா பெரிய ராஜாவா?" என்பேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்.